ஒன்பதாம் லயம், இரண்டு காலண்டர்

கம்பத்துச் சந்தையில் வாங்கிய செடி.
குமுளி வளைவுகளில் மடியில் வைத்து வந்தேன்.
கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார்,
சிரித்துக்கொண்டுதான்.
வெயிலில் பிறந்த ரோஜா.
வண்டிப்பெரியாற்று மழை எப்படி என்று
யாரும் அதனிடம் சொல்லியிருக்கவில்லை.

முதலில் தரைக்குப் பக்கத்து இலையில்
கொசுவர்த்தி நுனி சுட்டதுபோல் ஒரு வட்டம்,
விளிம்பு மட்டும் சிலும்பிக்கொண்டு.
அப்புறம் சுற்றிலும் மஞ்சள்.
பத்தே நாளில் முள்ளும் குச்சியும் மிச்சம்.
உச்சியில் ஒரே ஒரு பூ,
கஞ்சிக்கில்லாத வீட்டில்
ஒருத்தன் மட்டும் இஸ்திரிச் சட்டை போட்டதுபோல.

மோர் தெளி என்றார்கள். எறும்பு வந்தது.
அடுப்புச் சாம்பல் தூவினேன், கரைந்து ஓடியது.
தலையோடு நன்றாகத் தண்ணீர் ஊற்று என்றாள் ஒருத்தி.
இடவப்பாதியிலிருந்து வானம்
அதைத்தானே செய்துகொண்டிருக்கிறது.

தவசிக்கனி என் கொழுந்தன்,
தேயிலைக் கொப்புள நோய்க்கு மருந்தடிக்கிறவன்.
பச்சை நிறச் செம்புப் பொடி கொஞ்சம்
தீப்பெட்டியில் கொண்டுவந்தான்.
மூட்டைக்கு ரெஜிஸ்டர் உண்டு,
தீப்பெட்டிக்கு இல்லை.
லிட்டருக்கு இரண்டரை கிராம் என்றான்.
இரண்டரை கிராமை எதில் நிறுப்பது?
கொழுந்து போடுகிற தராசு
அரைக் கிலோவுக்குக் கீழே எங்களை நம்புவதில்லை.
செல்லாத நாலணாவுக்குச் சற்றுக் குறைய,
என்றார் டிஸ்பென்சரி கம்பவுண்டர்.
இரண்டு ஹார்லிக்ஸ் மூடி, நூல், ஈர்க்குச்சி.
ஒரு பக்கம் நாலணா,
மறுபக்கம் ரோஜாவின் உயிர்.

கவாத்துக் கத்தியைக் கொதிநீரில் முக்கி எடுத்தேன்.
ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி முக்கினேன்.
வெளியே பார்க்கிற மொட்டுக்கு மேலாகச் சாய்த்து வெட்டி,
நடுவில் காற்று நுழைய இடம் விட்டு,
புள்ளி விழுந்ததைக் கிள்ளி, உதிர்ந்ததைப் பொறுக்கி,
மழை விட்ட ஒரு மணி நேரத்தில்
இலையின் முதுகெல்லாம் நனைய அடித்தேன்.

சிவப்பாகத் துளிர்த்தது.
பதினெட்டாம் நாள்
மறுபடி ஒரு வட்டம்.

அப்போதுதான் மூங்கில் படலுக்கு அப்பால் பார்த்தேன்.
ஏலிக்குட்டியின் ரோஜா.
காலடியில் அழுகிய இலை ஒரு சாண்.
துளி விழுந்து தெறிக்கும்போதெல்லாம்
நோய் அதில் ஏறி இந்தப்பக்கம் குதிக்கிறது.

சொல்லலாம். ஆனால் பேச்சில்லை.
அந்த வேலைநிறுத்தத்தில் பதினேழாம் நாள்
அவள் கூடையெடுத்துப் போனாள். நான் போகவில்லை.
அவளுக்கு மூன்று பிள்ளைகள்.
எனக்கு இல்லை. அது எனக்குத் தெரியும்.
தெரிந்தும் இரண்டு வருஷம்.

வாயைத் திறந்தால் வந்தது இதுதான்:
‘உன் செடியில நோயி இருக்கு.’
அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.
‘அறியாம்,’ என்றாள்.
‘நின்றெ கம்பத்துச் செடி வந்நேப்பின்னெயா இது.’

எது யாரிடமிருந்து வந்தது?
செக்போஸ்ட்டில் என் பையைக் கிளறினார்கள்,
முட்டைக்கோசு எத்தனை என்று கேட்டார்கள்.
இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் குர்பானா முடிந்து வந்தபின்
பாதிப் படலைப் பிடுங்கினோம்.
அவள் பக்கத்துக் குப்பை, என் பக்கத்துக் குப்பை,
ஒரே பெயின்ட் டப்பா.
ஈர இலை எரிய மாட்டேன் என்றது.
மண்ணெண்ணெய் அவளுடையது, தீப்பெட்டி என்னுடையது,
அதே தீப்பெட்டி, அடியில் இன்னும் பச்சைத் தூசி.
புகையில் இருவருக்கும் கண்ணில் நீர்.
புகைதான்.

வேலைநிறுத்தம் பற்றி அவளும் கேட்கவில்லை,
நானும் எடுக்கவில்லை.
வாரம் ஒருமுறை மருந்து என்று குறித்துக்கொண்டோம்,
அவள் சுவரில் கர்க்கடகம், என் சுவரில் ஆடி,
ஞாயிறு இரண்டிலும் சிவப்பு.

பூ எங்கே என்று தவசிக்கனி கேட்கிறான்.
இன்னும் இல்லை.
இலை இருக்கிறது.